வானம் பார்த்த ஊரில் வீட்டுக்குளம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாள் முன்பு தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், குழாயடியில் குடத்தோடு காத்துக் கிடக்கிற மாவட்டங்களில் வீட்டுக்குள் குளம் கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டுக்குளத்தையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டார். அது சரியில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கொத்தனார். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் வேலை பார்த்து வருகிறேன். எங்களுடையது கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் உளுந்தும் பாசியும் கம்பும் மிளகாயும். ஆழ்துளைக் கிணறு போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். குடிப்பதற்குத் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு வீட்டுப் புழக்கடையில் ஒரு சின்னக் குளம் நல்லது என்று சொல்கிறேன் என்றால், அதற்குக் கொஞ்சம் விவரம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்த வாசகருக்குக் கோபம் வரவழைத்த குளம். நீல டைல்ஸ் ஒட்டி, ஓர் அடி ஆழத்தில் அகலமாக விரித்து, நடுவில் மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சுகிற ஜாதி. எங்கேயோ ஒரு வீட்டில் பார்த்துவிட்டுச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டுவார்கள். அதைக் கட்டித் தர மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுவேன். கோடையில் எங்கள் பக்கத்து வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்து கிடக்கிற தண்ணீர் நாளைக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் இறங்கிவிடும். 1,400 லிட்டரை ஓர் அடி ஆழத்தில் பரப்பினால் மேற்பரப்பு 50 சதுர அடி. நாளைக்கு 35 லிட்டர் காற்றோடு போகும். அதே 1,400 லிட்டரை 5 அடி விட்டமும் இரண்டரை அடி ஆழமும் உள்ள தொட்டியில் வைத்தால் மேற்பரப்பு 20 சதுர அடிதான். போவது 14 லிட்டர், ஒரு குடம். தண்ணீர் ஆவியாகிற கணக்கு பானையின் வாயைப் பொறுத்தது, வயிற்றைப் பொறுத்ததில்லை. இதில் ஃபவுண்டன் வேறு வைத்தால் தண்ணீரைத் துளித்துளியாக உடைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் நாமே தூக்கிக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும்.

அந்தக் குடம் தண்ணீரையும் தண்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டு முன்னால் பத்துக்கு இருபது அடியில் புல்தரை போடுகிறார்களே, அது கோடையில் பச்சையாக நிற்க வேண்டும் என்றால் நாளைக்கு 90 லிட்டர் போலக் கேட்கும். அதை யாரும் தடை செய்யச் சொல்லவில்லை. புல்லில் தவளை வாழாது, குருவி குளிக்காது, கீரை கிடைக்காது.

சரி, என்னுடைய பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வறண்ட ஊரில் குளம் வைத்தால் அதற்கு வெளித்தண்ணீர் ஊற்றக் கூடாது. மழை கொடுத்தது இருக்கிற வரை இருக்கட்டும், குறையும்போது குறையட்டும். வருஷம் முழுக்க விளிம்பு தட்ட நிற்க வேண்டும் என்ற ஆசையில்தான் எல்லாத் தப்பும் தொடங்குகிறது. லாரித் தண்ணீர் வாங்குவதும், குடிநீர்க் குழாயில் ஹோஸ் மாட்டுவதும் அந்த ஆசையால்தான். போர் தண்ணீரை விட்டால் இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மறுபடி ஊற்றினால் அந்த உப்பும் முந்தைய உப்போடு சேரும். சித்திரை வருவதற்குள் தொட்டிச் சுவரில் வெள்ளையாகப் பூத்து, அல்லி இலை ஓரமெல்லாம் கருகிப்போகும். ஆர்.ஓ. இயந்திரத்தில் கழிந்து வருகிற தண்ணீரையும் இதே காரணத்துக்காக விடக் கூடாது. வீணாகிறதே என்று மனசு கேட்காது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கண்மாயும் ஊருணியும் இப்படித்தானே இருக்கின்றன? கார்த்திகையில் மறுகால் போகும், பங்குனியில் நடுவில் மட்டும் தண்ணீர் கிடக்கும், ஆனி ஆடியில் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். அங்கே முளைக்கிற செடிகளுக்கு இந்த நடைமுறை அத்துப்படி. அல்லிக் கிழங்கு காய்ந்த சேற்றுக்கு அடியில் மாதக் கணக்கில் தூங்கும், மழை விழுந்ததும் இலை விடும். கொட்டிக்கிழங்கும் அப்படியே. நாலு இலையோடு தண்ணீரில் மிதக்கிற ஆரைக்கீரை இன்னும் கெட்டி. அது விதை போன்ற சின்னச் சின்னக் காய்களைச் சேற்றில் விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். அடுத்த மழை ஒரு வருஷம் தப்பினாலும் அந்தக் காய்கள் காத்திருக்கும். நம் வீட்டுத் தொட்டிக்கு இவைதான் சரியான குடிகள். வெளிநாட்டு அல்லி நிறம் நிறமாகக் கிடைக்கிறது, அழகுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் பக்கத்துக் கண்மாயில் பூக்கிற வெள்ளை அல்லியைக் கொஞ்சம் கிழங்கோடு எடுத்து வைத்துப் பாருங்கள். ராத்திரி விரிந்து, காலையில் வெயில் ஏறியதும் கூம்பிக்கொள்ளும். வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு அதுதான் தோதான பூ.

வெங்காயத்தாமரையும் ஆகாயத்தாமரையும் மட்டும் வேண்டாம். சும்மா கிடைக்கிறது, மெனக்கெடாமல் வளர்கிறது என்று நர்சரியிலும் கொடுப்பார்கள். அளவுக்கு மேல் பெருகியதும் அள்ளி ஓடையில் போடுவோம். அங்கிருந்து கண்மாய்க்குப் போய் மடையை அடைக்கும். தாமிரபரணிக் கால்வாய்களில் வெங்காயத்தாமரை படர்ந்து கிடப்பதைத் திருவைகுண்டம் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

கட்டுகிற விதத்தைச் சொல்கிறேன், இது என் தொழில். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அதில் குழி தோண்டிச் செங்கல் வைத்துக் கட்டிச் சிமெண்ட் பூசினால் இரண்டு கோடை தாங்காது, சுவர் விட்டுவிடும். நான் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறைதான் போடுகிறேன். 5 அடி விட்டத்தில் மூன்று உறை. குழியை உறையைவிட எல்லாப் பக்கமும் முக்கால் அடி கூட்டி வெட்ட வேண்டும். அடியில் கரிசலை எடுத்துவிட்டுச் செம்மண் சரளை போட்டுத் திமிசு அடித்து இறுக்கி, அதன்மேல் கம்பி கட்டி நாலு அங்குலம் கான்கிரீட். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே முதல் உறையை உட்கார வைத்துவிட வேண்டும். உள்பக்க மூலையில் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து சரிவாகப் பூச்சு. உறைக்கும் கரிசலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மணலால் நிரப்பினால், மண் உப்பினாலும் சுருங்கினாலும் அந்த மணல் தாங்கிக்கொள்ளும், உறைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு உறை மண்ணுக்குள், ஓர் உறை மேலே. மேல் அரை அடியைக் காலியாக விட்டால் தண்ணீர் நிற்பது இரண்டரை அடி.

உறை வாங்க வசதியில்லாதவர்கள் குழி வெட்டி, பண்ணைக்குட்டைக்கு விரிக்கிறார்களே, அந்த 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பைப் போடலாம். அதன் விளிம்பு மட்டும் வெயிலில் தெரியக் கூடாது, கல்லும் மண்ணும் வைத்து மூடிவிட வேண்டும். வெயில் பட்ட இடத்தில்தான் அது முதலில் பொடிந்துபோகும்.

புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கும். உடனே மீன் விட்டால் செத்துவிடும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். இதற்குப் போர் தண்ணீரே போதும். வெளியேற்றுகிற தண்ணீரைக் கீழே விட்டுவிடாமல் மதில், களம், கொட்டகைத் தரை என்று ஏதாவது சிமெண்ட் வேலை நடந்தால் அதை நனைக்க எடுத்துக்கொள்ளலாம். நான் எப்போதும் வேறு ஒரு வேலையோடு சேர்த்தே தொட்டி வேலையை வைத்துக்கொள்வேன்.

நிரப்புவது மாடித் தண்ணீர். மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு கட்டாயமானதிலிருந்து பெரும்பாலான வீடுகளில் மாடியிலிருந்து குழாய் இறங்கித்தான் இருக்கிறது. பல வீடுகளில் அது ஒரு குழிக்குள் போகிறது, குழி என்றைக்கோ மண் மூடிவிட்டது. அந்தக் குழாயைத் தொட்டிக்குத் திருப்புங்கள். 600 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சேதாரம் போக 450 லிட்டர் போல வரும். மூன்று சென்டிமீட்டர் பெய்தால் தொட்டி நிறைந்துவிடும். ஐப்பசியில் ஒரு நல்ல ராத்திரி மழை போதும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். மாடியில் இருக்கிற தூசி, காக்கை எச்சம் எல்லாம் அதில்தான் வரும். நிரம்பிய பிறகு வழிகிற தண்ணீர் அந்தச் சேகரிப்புக் குழிக்கே போகட்டும், குழியைத் தூர்வாரிவிட்டு. போகிற வழியில் ஒரு வாழையோ கல்வாழையோ வைத்தால் அதுவும் குடித்துக்கொள்ளும்.

இடம் முக்கியம். சுவருக்குக் கிழக்கே வையுங்கள். காலை வெயில் ஐந்து மணி நேரம் பட்டால் அல்லி பூக்கும், மேற்கு வெயில் சுவரில் தங்கிவிடும். வேப்பமரத்தடியில் வேண்டாம், இலை உதிர்ந்து அழுகித் தண்ணீர் நாறும். அப்புறம் காற்று. கயத்தாறு பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற அதே மேல்காற்றுதான் ஆனி, ஆடியில் எங்கள் தொட்டித் தண்ணீரையும் உறிஞ்சுகிறது. வெயிலைப் பற்றிப் பேசுகிற பலர் காற்றை மறந்துவிடுகிறார்கள். மேற்கே ஒரு பனையோலைத் தட்டியோ நெருக்கமாகச் செம்பருத்தியோ இருந்தால் வித்தியாசம் தெரியும். அல்லி இலை தண்ணீரில் பாதிக்கு மேல் மூடியிருந்தால் ஆவியாவது இன்னும் குறையும். சம்பும் கோரையும் அப்படியில்லை, அவை நிமிர்ந்து நின்று தண்ணீரை உறிஞ்சி இலை வழியாக வெளியே விடும். சின்னத் தொட்டிக்கு அவை ஆகாது.

இப்படியெல்லாம் பார்த்துக்கொண்டால் கார்த்திகையில் நிறைந்த தொட்டி பங்குனிக் கடைசியில் ஓர் அடிக்கு மேலேயே நிற்கும். அல்லிச் சட்டியைச் செங்கல் மேல் வைத்திருப்போம். தண்ணீர் இறங்க இறங்கச் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் சட்டியும் கூடவே இறங்கும். சித்திரையில் கோடை மழை ஒன்று கிடைத்தால் ஆனி வரை இழுக்கும். கிடைக்காவிட்டால் வைகாசியில் அடித் தண்ணீர்தான். அப்போது மீனை ஒரு நிழலான டிரம்முக்கு மாற்றிவிட்டு, அல்லிச் சட்டி மேல் நனைந்த சாக்கைப் போட்டுவிடுவோம். தொட்டிக்கு அடியில் சேர்ந்த வண்டலை வீட்டுக்காரி அள்ளிக் கீரைப்பாத்திக்குக் கொண்டுபோவாள். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் அந்த வண்டலில் வருகிற மாதிரி வேறு எதிலும் வருவதில்லை.

கொசு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும், நம் தொட்டியும் நல்ல தண்ணீர்தான். கொசுப்புழு பார்க்க வருகிற பெண்கள் தொட்டியைக் கண்டதும் “அண்ணாச்சி, இதைக் கவுத்து விட்ருங்க” என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, மூடாத தொட்டியால் எத்தனை வீட்டில் காய்ச்சல் வந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டுத் தொட்டிக்குள் காட்டுவேன். முட்டை பொரிந்து புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மீன் இருக்கிற தொட்டியில் புழு அத்தனை நாள் தாக்குப்பிடிக்காது. ஆனால் மீன் விட்டாயிற்று என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் இறங்கினால் அந்த முட்டை காய்ந்தபடியே மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரியும். நம் தொட்டியோ இறங்கி ஏறுகிற தொட்டி. அதனால் வாரம் ஒரு முறை, வெளித்தெரிகிற சுவரைத் தேங்காய் நார் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். புரட்டாசியில் மழை தொடங்குவதற்கு முன்னால் உள்சுவர் முழுக்க ஒரு முறை தேய்த்துவிட வேண்டும். மீன் வைத்திருக்கிற டிரம்முக்கு வலை கட்ட வேண்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் தொட்டி வைக்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எந்த மீன் என்பதிலும் கவனம் வேண்டும். கம்பூசியா என்ற மீனைக் கொசுவுக்காக 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கிணறு, குளம் என்று பல இடங்களில் விட்டார்கள், இன்றும் விடுகிறார்கள். அது கொசுப்புழுவோடு நிற்காமல் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் மற்ற மீன் குஞ்சுகளையும் தின்னும். தவளையும் கொசுவுக்கு எதிரிதான், தட்டானும் அப்படியே. தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் இருந்துகொண்டு கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். அவற்றை ஒழித்துவிட்டு ஒரு மீனை மட்டும் நம்பி என்ன லாபம்? நம் கண்மாய்களிலேயே தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, தண்ணீர் மேல்மட்டத்திலேயே சுற்றுகிற விரல் நீள மீன் ஒன்று உண்டு. கொசுப்புழு மேலே மூச்சு வாங்க வருகிற இடத்தில்தான் அதன் வேட்டை. கூட நாலு கெண்டைக் குஞ்சும் அடியில் மேய அயிரையும் போதும். இரை போட வேண்டாம், இரை போட்டால் புழுவைத் தேடாது. எந்த மீன் ஆனாலும், கடையில் வாங்கிய வண்ண மீன் உட்பட, தொட்டி வற்றும்போது கண்மாயில் கொண்டுபோய் விடாதீர்கள்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் வாய் திறந்த தொட்டி கூடவே கூடாது. இரண்டரை அடி தண்ணீர் ஒரு தவழ்கிற பிள்ளைக்கு ஆபத்து, ஒரு சாண் தண்ணீரும் ஆபத்துதான். 8 மில்லிமீட்டர் கம்பியில் சின்னச் சதுரமாக வெல்டிங் அடித்த மூடி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் நான் தொட்டியை ஒப்படைப்பேன். மூடிக்கு அடியில் அல்லி பூக்கும், குருவி கம்பி மேல் உட்கார்ந்து குடிக்கும், ஒன்றும் குறைந்துவிடாது. உள்ளே ஒரு சொரசொரப்பான பலகையைச் சாய்த்து வைத்தால், தவறி விழுகிற அணிலும் ஓணானும் ஏறி வந்துவிடும்.

எட்டயபுரம் பக்கம் ஓர் அக்கா வீட்டில் இப்படிப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் இல்லாமல் தனியாக இருக்கிறவர். சித்திரை வெயிலில் அந்தத் தெருவிலேயே மைனாவும் தவிட்டுக்குருவியும் தேனீயும் தண்ணீருக்கு வருவது அவர் வீட்டுக்குத்தான். “தம்பி, ரெண்டு நாளா அந்தச் செம்போத்தக் காணோமே” என்று எனக்குப் போன் செய்கிறார். மழைக்காலத்து ராத்திரியில் தவளைச் சத்தம் கேட்காத தெருக்கள் எங்கள் ஊரில் நிறைய ஆகிவிட்டன. குட்டைகளை எல்லாம் மூடி பிளாட் போட்டாயிற்று. அந்த அக்கா வீட்டுப் பின்னால் கேட்கிறது. ஒரு குடம் குழாய்த் தண்ணீர் செலவில்லாமல் கேட்கிறது. அந்த வாசகர் தடை கேட்டது இதற்கும் சேர்த்துத்தான் என்பதால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு, தோட்டம் பற்றிய இணைப்பில் குளம் பற்றி எழுதும்போது மலைப்பிரதேசத்து வீட்டுப் படத்தைப் போடாமல், ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டத்து வீடு ஒன்றைப் போடுங்கள். வற்றிப்போன மாதத்துப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். சுகாதாரத் துறை அதிகாரிகள் படித்தால் அவர்களுக்கும் ஒன்று: கம்பூசியாவுக்குப் பதிலாக அந்தந்த வட்டாரத்து மீனையே வளர்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கிணற்றுக்கும் அது போதும், தொட்டிக்கும் போதும்.

இப்போது ஆடி. தொட்டி போட நினைப்பவர்கள் இந்த மாதமே உறைக்குச் சொல்லிவிடுங்கள். ஆவணியில் இறக்கினால் சுண்ணாம்பு இறங்கி, கழுவித் தேய்த்து முடிக்கப் புரட்டாசி ஆகிவிடும். ஐப்பசி முதல் மழையில் மாடியைக் கழுவி விட்டுவிட்டு, இரண்டாவது மழைக்குக் குழாயைத் திருப்பினால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.